87,539,319 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு நேர் முழுவெண்களின் கனங்களைக் கூட்டி, மூன்று வெவ்வேறு விதமாக எழுதக்கூடிய எண்களில் ஆகச் சிறியது 87,539,319. சாதாரண தர வகுப்பில் காரணி படிக்கும்போதும் உயர்தரத்தில் கனச் சூத்திரம் படிக்கும்போதும் இந்த எண்ணைப் பற்றி எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே. கொப்பியும் பேனையும் இருந்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் நீங்களே செய்து பார்க்கலாம்.

இதை எப்படி வாசிப்பது? காற்புள்ளியை எங்கே போடுவது?

எட்டுக் கோடியே எழுபத்தைந்து இலட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்தொன்பது. மில்லியனில் சொன்னால் 87 மில்லியனும் 539 ஆயிரமும் 319உம். தமிழ் இலக்கத்தில் ௮௭௫௩௯௩௧௯.

நாங்கள் வாயால் கோடி, இலட்சம் என்போம்; வங்கிப் படிவத்தில் மூன்று மூன்றாகப் பிரித்து 87,539,319 என்று எழுதுவோம். கோடிக் கணக்குப்படி எழுதினால் 8,75,39,319. வாசிப்பதற்கு இரண்டும் சரி. ஆனால் வகுபடுமா என்று சோதிக்கும்போது மூன்று மூன்றாகப் பிரித்தது மட்டும்தான் உதவும். மற்றதைப் பாவித்தால் வரும் பிழையைக் கீழே காட்டியிருக்கிறோம்.

அந்த மூன்று விதங்களும் எவை?

167³ + 436³ = 4,657,463 + 82,881,856
228³ + 423³ = 11,852,352 + 75,686,967
255³ + 414³ = 16,581,375 + 70,957,944

கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள்: 3 + 6, 2 + 7, 5 + 4. மூன்றிலும் 9. எழுதும்போது இலக்கம் மாறிப்போனால் பெரும்பாலும் இதிலேயே பிடிபடும். வரிசை மாற்றி 436³ + 167³ என்று எழுதுவது புது விதமாகக் கணக்கில் வராது.

இதை ஏன் "ரக்சி எண்" என்கிறார்கள்?

இராமானுஜன் இலண்டனில் புட்னி என்ற இடத்தில் நோயாளியாகக் கிடந்தபோது, பேராசிரியர் ஹார்டி அவரைப் பார்க்க ஒரு ரக்சியில் போனார். அதன் இலக்கம் 1729. சுவையில்லாத எண் என்று ஹார்டி சொல்ல, இல்லை, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய ஆகச் சிறிய எண் அது என்றார் இராமானுஜன்: 1³ + 12³, 9³ + 10³. இதே பண்பை 1657இலேயே பிரான்சின் கணிதர் ஃபிரெனிக்கிள் த பெஸ்சி குறித்திருந்தார். ஆனால் பெயர் ரக்சியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

மூன்று விதத்துக்கான 87,539,319ஐ 1957இல் கண்டுபிடித்தவர் பிரித்தானியக் கணிதர் ஜோன் லீச். இங்கே இலங்கையில் ஒருகாலத்தில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் கார் ஒன்றின் தகட்டில் 1729 இருந்திருக்கலாம். 87,539,319 இருக்க வழியே இல்லை, எங்கள் இலக்கத் தகட்டில் எண்ணுக்கு நான்கு இடம்தான்.

கல்குலேட்டர் இல்லாமல் இதை முதன்மைக் காரணிகளாகப் பிரிக்க முடியுமா?

முடியும். விடை: 3³ × 7 × 31 × 67 × 223. பாதை இது.

இலக்கங்களைக் கூட்டினால் 8+7+5+3+9+3+1+9 = 45. எனவே 9 ஆல் வகுபடும். இதோடு நிறுத்தாமல் மூன்று மூன்றாகப் பிரித்துக் கூட்டுங்கள்: 87 + 539 + 319 = 945. 1000ஐ 999 ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், 945உம் எங்கள் எண்ணும் 999 ஆல் வகுக்கும்போது ஒரே மீதியைத் தரும். 999 = 27 × 37. 945 = 27 × 35. ஆகவே எண் 27 ஆல் வகுபடும். 37 ஆல் வகுபடாது.

அடுத்து அதே துண்டுகளை வலப்பக்கத்திலிருந்து கூட்டிக் கழித்துக் கூட்டுங்கள்: 319 − 539 + 87 = −133. இது 1001க்கான சோதனை. 1001 = 7 × 11 × 13. 133 = 7 × 19 என்பதால் 7 சரி; 11உம் 13உம் இல்லை. ஒரே வரியில் மூன்று முதன்மை எண்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

இப்போது வகுத்துக்கொண்டு போங்கள்:

87,539,319 ÷ 27 = 3,242,197
3,242,197 ÷ 7 = 463,171
463,171 ÷ 31 = 14,941
14,941 ÷ 67 = 223

31க்கு முன்னால் 17, 19, 23, 29 ஆகியவற்றைச் சோதித்துத் தள்ள வேண்டும். அதில் சுருக்கு வழி இல்லை, நீள்வகுத்தல்தான். 67க்கு வரும் முன்பும் 37ஐத் தவிர்த்து 41 முதல் 61 வரை அதே வேலை. இறுதியில் நிற்கும் 223 முதன்மை எண்; 15² = 225 அதைத் தாண்டிவிடுவதால் 13 வரை பார்த்தால் போதும்.

945 ஐந்தில் முடிகிறது. அப்படியென்றால் எண் 5 ஆல் வகுபட வேண்டாமா?

வேண்டாம். இது அடிக்கடி நடக்கும் பிழை. 945 சொல்வது 999இன் காரணிகளான 3, 9, 27, 37, 111, 333 பற்றித்தான். 5 பற்றி அதற்கு எதுவும் தெரியாது. எண் 9இல் முடிவதே அதற்கு விடை. 945 தற்செயலாக 7 ஆலும் வகுபடும். அதை வைத்து "7உம் காரணி" என்று எழுதினால் விடை சரி, வழி பிழை. 7க்கு 133தான் சாட்சி.

காற்புள்ளிச் சிக்கலும் இங்கேதான். 8,75,39,319 என்று பிரித்துக் கூட்டினால் 441 வரும். 441 = 9 × 49, அது 27 ஆல் வகுபடாது. அதை நம்பினால் 27ஐ இழந்துவிடுவீர்கள். நடுவில் இரண்டிரண்டு இலக்கமாக வெட்டும்போது 1000இன் அடுக்கு கெட்டுப்போகிறது, காரணம் அவ்வளவுதான்.

மூன்று விதம்தான், நான்காவது இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

இந்த எண்ணில் எங்களுக்கு ஆகப் பிடித்த இடம் இதுதான். தேடிக் களைக்கத் தேவையில்லை; காரணிப் பட்டியலே விடையைச் சொல்லிவிடும்.

சிறிய எண்ணைச் "சி" என்றும் பெரியதைப் "பெ" என்றும் அவற்றின் கூட்டுத்தொகையைக் "கூ" என்றும் வைப்போம். வகுப்பில் படித்த சூத்திரம்:

சி³ + பெ³ = (சி + பெ)(சி² − சி×பெ + பெ²)

ஆகவே கூ என்பது 87,539,319இன் காரணியாக இருந்தே ஆகவேண்டும். காரணிகள் மொத்தம் 64. எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை, கூவுக்கு மூன்று கட்டுப்பாடுகள் உண்டு.

கீழ் எல்லை: (சி + பெ)³ எப்போதும் சி³ + பெ³ஐ விடப் பெரிது. 444³ = 87,528,384, எங்கள் எண்ணுக்கு மட்டுமட்டாகக் கீழே. எனவே கூ குறைந்தது 445.

மேல் எல்லை: சி³ + பெ³ ஆனது கூ³இன் காற்பங்குக்குக் குறையாது (இரண்டும் சமமானால் சரியாகக் காற்பங்கு). எனவே கூ³ அதிகபட்சம் 4 × 87,539,319 = 350,157,276. 704³ = 348,913,664 உள்ளே; 705³ = 350,402,625 வெளியே. எனவே கூ 704ஐத் தாண்டாது.

மூன்றாவது: ஓர் எண்ணும் அதன் கனமும் 3 ஆல் வகுக்கும்போது ஒரே மீதியைத் தரும். மொத்தம் 3இன் மடங்கு என்பதால் கூவும் 3இன் மடங்கு.

இப்போது 445க்கும் 704க்கும் இடையே உள்ள காரணிகளை எழுதுங்கள். 7, 31, 67, 223 ஆகியவற்றின் பெருக்கங்களை முதலில் எழுதி, அவற்றை 1, 3, 9, 27 ஆல் பெருக்குங்கள். 1 ஆல் பெருக்கியதில் 469 (7 × 67) மட்டும் விழும். 3 ஆல் பெருக்கியதில் 651 (3 × 7 × 31), 669 (3 × 223). 9 ஆல் பெருக்கியதில் 603 (9 × 67). 27 ஆல் பெருக்கியதில் எதுவும் இல்லை, 189க்கு அடுத்தது 837 என்று தாண்டிவிடும்.

469 ஆனது 3இன் மடங்கு அல்ல, தள்ளுங்கள். மிச்சம் 603, 651, 669. மூன்றே மூன்று. மூன்றும் வேலை செய்கின்றன:

167 + 436 = 603
228 + 423 = 651
255 + 414 = 669

நான்காவதுக்கு இடமே இல்லை.

கூ தெரிந்தால் சி, பெ இரண்டையும் எப்படி எடுப்பது?

603ஐ எடுத்துச் செய்து காட்டுகிறோம்.

87,539,319 ÷ 603 = 145,173. இது சி² − சி×பெ + பெ², அதாவது கூ² − 3×சி×பெ.
603² = 363,609. கழித்தால் 363,609 − 145,173 = 218,436. மூன்றால் வகுத்தால் சி×பெ = 72,812.
வித்தியாசத்தின் வர்க்கம் = கூ² − 4×சி×பெ = 363,609 − 291,248 = 72,361 = 269².
எனவே பெ = (603 + 269) ÷ 2 = 436, சி = (603 − 269) ÷ 2 = 167.

651க்கு வித்தியாசம் 195, 669க்கு 159 வரவேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் பிழை நடந்த இடம் 3 ஆல் வகுக்கும் படி; அதை மறந்து நேரே 4 ஆல் பெருக்கிவிடுவார்கள். 469ஐப் போட்டுப் பார்த்தாலும் அந்தப் படியில்தான் உடையும்: 219,961 − 186,651 = 33,310, அது 3 ஆல் வகுபடாது.

ஆகச் சிறியது என்பதையும் இப்படிக் கையாலேயே காட்டலாமா?

அது வேறு வேலை. மேலே செய்தது இந்த ஓர் எண்ணுக்கு. ஆகச் சிறியது என்று சொல்ல, இதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் தள்ள வேண்டும். கணினிக்கு அது சின்ன வேலை: 1 முதல் 444 வரையான எண்களில் சோடி எடுத்தால் 98,790 சோடிகள். ஒவ்வொரு சோடியின் கனங்களையும் கூட்டி, 87,539,319ஐத் தாண்டியவற்றை விட்டுவிட்டு, மிச்சத்தை ஏறுவரிசைப்படுத்தி, அடுத்தடுத்து மூன்று ஒரே எண்ணாக நிற்கும் முதல் இடத்தைப் பாருங்கள். பட்டியலின் ஆகக் கடைசியில்தான் அந்த மூன்றும் கிடைக்கும்.

நிரல் எழுதும்போது பிழைக்கும் இடம் கனமூலம். 64ஐ மூன்றில் ஒரு பங்கு அடுக்குக்கு உயர்த்தச் சொன்னால் பைதன் என்ற நிரல்மொழி 4 தராது, 3.9999999999999996 தரும். அதன் முழுவெண் பகுதியை எடுத்தால் 3. கிட்டிய முழுவெண்ணுக்கு மட்டந்தட்டி, அதைத் திரும்பக் கனமாக்கிச் சரி பாருங்கள். மேலே சொன்னபடி கனங்களைக் கூட்டி வரிசைப்படுத்தினால் கனமூலமே தேவைப்படாது.

இந்த மூன்று விதங்களும் எப்படி ஒரே எண்ணில் வந்து சேர்ந்தன?

228, 423, 255, 414 நான்கையும் பாருங்கள். நான்கும் 3 ஆல் வகுபடும். வகுத்தால்:

76³ + 141³ = 85³ + 138³ = 3,242,197

காரணி பிரிக்கும்போது 27 ஆல் வகுத்து வந்த அதே எண். அதாவது 3,242,197 இரண்டு விதம் உள்ள ஓர் எண். அதை 3³ ஆல் பெருக்கினால் அந்த இரண்டு விதங்களும் மூன்று மடங்காக நீண்டு அப்படியே கூட வரும். பெருக்கிய இடத்தில் 167³ + 436³ புதிதாக வந்து சேர்கிறது. 167உம் 436உம் 3இன் மடங்குகள் அல்ல என்பதால் சிறிய எண்ணில் அதற்கு இடம் இருக்கவில்லை.

இதனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 8 × 87,539,319 = 700,314,552க்கும் மூன்று விதம் இருக்கும் (334³ + 872³ முதலியன). அது புதுக் கண்டுபிடிப்பு அல்ல, பழையதை இரண்டு மடங்காக இழுத்தது. 1729இலிருந்து 13,832 வருவதும் அப்படித்தான்.

கழித்தலையும் சேர்த்துக்கொண்டால்?

இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று, கிடைக்கும்:

606³ − 513³ = 222,545,016 − 135,005,697 = 87,539,319

வழி முன்னையதுதான். இம்முறை வித்தியாசம் காரணியாக இருக்க வேண்டும், அது 444க்குக் கீழே 3இன் மடங்காக இருக்க வேண்டும். 27ஐயும் 189ஐயும் உடனே தள்ளிவிடலாம், ஈவு 3 ஆல் வகுபடாததால். மிச்சமான 3, 9, 21, 63, 93, 201, 279 ஏழில் 93 மட்டும் கூ²க்கு நிறைவர்க்கம் தருகிறது: 1,252,161 = 1119². இந்த 606உம் 513உம் கூட 3இன் மடங்குகள்: 202³ − 171³ = 3,242,197.

கனத்துக்கு இவ்வளவு இணங்குகிற எண், வர்க்கத்துக்கு எப்படி?

அறவே இணங்காது. கடைசி மூன்று இலக்கம் 319. 8 ஆல் வகுத்தால் மீதி 7. வர்க்க எண்ணை 8 ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மட்டுமே. இந்த மூன்றில் எந்த மூன்றை எடுத்துக் கூட்டினாலும் 7 மீதி வராது. எனவே இரண்டு வர்க்கங்களாலும் முடியாது, மூன்றாலும் முடியாது. நான்கு வேண்டும், எந்த நேர் முழுவெண்ணுக்கும் நான்கு போதும் என்று 1770இல் இலாகிராஞ் நிறுவினார். ஒன்று இதோ:

9355² + 151² + 22² + 3² = 87,516,025 + 22,801 + 484 + 9

மடக்கை அட்டவணை, கல்குலேட்டர், எக்செல்: எதை எவ்வளவு நம்பலாம்?

நாலிலக்க மடக்கை அட்டவணையில் மடக்கை 7.9422. மூன்றால் வகுத்தால் 2.6474, முரண்மடக்கை 444.0. இது 444³ என்றே தோன்றும். ஆனால் 444³ எங்கள் எண்ணிலிருந்து 10,935 குறைவு. அட்டவணை முதல் நான்கு இலக்கத்தைத்தான் காக்கும். எல்லையைத் தேட அது நல்லது, "சமன்" என்று எழுத உதவாது.

கடைகளில் இருக்கும் எட்டிலக்கக் கல்குலேட்டரில் இந்த எண் சரியாக நிரம்பி நிற்கும். நான்கால் பெருக்கினாலோ 606³ எடுத்தாலோ ஒன்பது இலக்கமாகி, பிழைக் குறி காட்டும். பன்னிரண்டு இலக்கம் உள்ளது ஒன்றை எடுங்கள்.

எக்செலில் இந்த அளவுக்குச் சிக்கல் இல்லை, 15 இலக்கம் வரை அது விடாமல் வைத்திருக்கும். அடுத்த கேள்வியில் வரும் எண்களுக்குத்தான் கவனம்.

மற்றப் பண்புகள்?

சுருக்கமாக. காரணிகளின் கூட்டுத்தொகை 155,975,680. எண்ணைக் கழித்தால் 68,436,361, எண்ணைவிடக் குறைவு, ஆகவே நிறைவெண் அல்ல. அதோடு பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் 47,472,480. இருமத்தில் 27 இலக்கம், அதில் 19 ஒன்றுகள். ஒன்றை இதனால் வகுத்தால் தசமம் முதல் இலக்கத்திலிருந்தே மீளும், மீளும் பகுதியின் நீளம் 12,210. 1729 தன் இலக்கக் கூட்டுத்தொகையான 19 ஆல் வகுபடும். இது தன்னுடைய 45 ஆல் வகுபடாது.

இதற்கு அடுத்த எண்கள் எவை?

மூன்று விதத்தில் அடுத்தது 119,824,488: 11³ + 493³, 90³ + 492³, 346³ + 428³.

நான்கு விதத்துக்கு ஆகச் சிறியது 6,963,472,309,248. அதில் ஒன்று 2421³ + 19083³. ஐந்து விதத்துக்கு 48,988,659,276,962,496. அதில் ஒன்று 38787³ + 365757³. ஆறு விதத்துக்கு 24,153,319,581,254,312,065,344. இதை 2008இல் ஊவே ஹொலர்பாக் அறிவித்தார். எத்தனை விதம் கேட்டாலும் அத்தனை விதம் உள்ள எண் உண்டு என்பது நிறுவப்பட்டது. அவற்றில் ஆகச் சிறியது எது என்பதுதான் கடினம்.

ஐந்து விதத்து எண் 17 இலக்கம். எக்செல் கட்டத்தில் அதை அடித்தால் கடைசி 96 பறந்து 48,988,659,276,962,400 என்று நிற்கும், எந்த எச்சரிக்கையும் வராது. கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு அடித்தால் இலக்கம் தப்பும், ஆனால் அதை வைத்துச் சரியாகக் கணக்குச் செய்ய முடியாது. பைதனில் முழுவெண்ணுக்கு இந்த வரம்பு இல்லை. 38787ஐயும் 365757ஐயும் அங்கே கனமாக்கிக் கூட்டினால் 96 திரும்ப வரும்.